வாடகை வீட்டில் ஓர் அமானிதம்

என் மூத்தம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் பன்பாய் இழைக்கும்போது பாடுவதற்கென்று அவரிடம் கவிகள் இருந்தன. பிள்ளையை உறங்க வைக்க வேறு கவிகள், பேரப்பிள்ளைகளை மடக்குவதற்கு நொடிகள் என்று ஒரு பெரிய செல்வம் அவருடைய நினைவில் இருந்தது. நான் தரம் 10இல் படித்த ஆண்டின் டிசம்பர் விடுமுறையில் அவற்றைச் சேர்க்கத் தொடங்கினேன். அவர் பாடப் பாடக் கைத்தொலைபேசியில் குரலைப் பதிந்து, இரவில் அதிலேயே எழுத்தாகவும் தட்டி வைத்தேன். மொத்தம் 31 கவிகள் சேர்ந்தன.

அடுத்த மாரியில் அந்தத் தொலைபேசி கிணற்றடியில் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. திருத்தும் கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "உள்ளுக்கிருந்த ஒண்டும் எடுக்க ஏலாது தங்கச்சி" என்று திருப்பித் தந்தார். வேறு எங்கும் நான் பிரதி வைத்திருக்கவில்லை.

மீண்டும் மூத்தம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். அதற்கிடையில் அவர் ஒரு நோய் கண்டு எழுந்திருந்தார். 31 கவிகளில் 19 மட்டுமே வந்தன. மற்றவற்றைக் கேட்டபோது, "நாக்குல நிக்கிது, வருகுதில்ல. மறந்து பெய்த்து புள்ள" என்றார். அவர் என்னிடம் ஒப்படைத்த அமானிதத்தை நான் காப்பாற்றவில்லை என்ற எண்ணம் அன்று முழுவதும் என்னை வாட்டியது.

அந்தக் கவலையோடுதான் ஒரு வலைப்பூவைத் திறந்தேன். "இணையத்தில் போட்டுவிட்டால் இனி அழியாது" என்று நம்பினேன். அந்த நம்பிக்கையும் தவறு என்பது ஒரு வருடம் கழித்தே விளங்கியது. வலைப்பூவைத் திறப்பது பத்து நிமிட வேலை. அதில் போட்டதை இன்னொருவர் கண்டெடுக்கும்படி ஒழுங்குபடுத்துவதும், பத்து வருடம் கழித்தும் இருக்கும்படி பாதுகாப்பதும்தான் உண்மையான வேலை. அந்த இரண்டையும் நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைச் சகோதரிகளோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வாடகை வீடு என்பது ஏன்?

ஓர் இணையத்தளம் இயங்குவதற்கு இரவும் பகலும் அணையாத ஒரு கணினி வேண்டும். அதில் இயங்கும் மென்பொருள் வேண்டும், ஒரு முகவரி வேண்டும், திருடர்கள் நுழையாமல் காவலும் வேண்டும். இவை அனைத்தையும் நாமே விலை கொடுத்து ஏற்பாடு செய்தால் அது சொந்த வீடு. ஒரு நிறுவனம் இவற்றையெல்லாம் ஆயத்தமாக வைத்துக்கொண்டு, "நீங்கள் வந்து எழுதுங்கள், மற்றதை நாங்கள் பார்க்கிறோம்" என்று சொன்னால் அது வாடகை வீடு. பாடசாலை மாணவிகளாகிய நமக்குப் பொருத்தமானது இரண்டாவதுதான். பணம் தேவையில்லை, தொழில்நுட்ப அறிவும் பெரிதாக வேண்டியதில்லை.

நான் பயன்படுத்துவது புளொகர். 1999 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் இருந்த பைரா லேப்ஸ் என்ற சிறிய நிறுவனம் இதை வெளியிட்டது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் எவன் வில்லியம்ஸ், மற்றவர் மெக் ஹூரிஹன் என்ற பெண்மணி. 2003 பெப்ரவரியில் கூகுள் நிறுவனம் இதை வாங்கியது. இன்று ஜீமெயில் கணக்கு ஒன்று இருந்தாலே புளொகரைத் திறக்கலாம்.

இன்னொரு பெயர் வேர்ட்பிரஸ். இதில் பலரும் குழம்புகிறார்கள். 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்பது இலவச மென்பொருள். அதை நாம் பணம் கட்டி எடுக்கும் இடத்தில் நிறுவினால் சொந்த வீடு. 2005இல் தொடங்கிய வேர்ட்பிரஸ் டொட் கொம் என்பது அதே மென்பொருளை வைத்து நடத்தப்படும் வாடகை வீடு. பெயர் ஒன்று, ஏற்பாடு வேறு.

வாடகை வீட்டில் ஒரு விடயத்தை மறக்கக் கூடாது. வீட்டுக்காரர் ஒருநாள் "வீட்டை மூடப்போகிறேன்" என்று சொல்லலாம். யாகூ நிறுவனம் நடத்திய ஜியோசிற்றீஸ் என்ற தளத்தில் எத்தனையோ சாதாரண மனிதர்கள் தங்கள் பக்கங்களை இலவசமாக அமைத்திருந்தார்கள். 2009 ஒக்டோபரில் அது மூடப்பட்டது. 2019இல் கூகுள் பிளஸ் மூடப்பட்டபோது, அதன் வழியாகப் புளொகர் வலைப்பூக்களில் எழுதப்பட்டிருந்த பின்னூட்டங்களும் அதனுடன் போயின. ஆகவே வாடகை வீட்டில் குடியிருக்கலாம், ஆனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பக்கூடிய ஆயத்தமும் இருக்க வேண்டும். அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

வாப்பா கேட்ட மூன்று கேள்விகள்

வலைப்பூ திறக்கப்போகிறேன் என்றதும் வாப்பா மறுக்கவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார். "யார் யார் பாப்பாங்க? யார் யார் உனக்கு எழுதலாம்? நம்மட வீடு வாசல் யாருக்கும் விளங்குமா?" எந்தப் பெற்றோரும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. நான் வாப்பாவைப் பக்கத்தில் இருத்தி, அமைப்புப் பகுதியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

முதலாவது, யார் பார்ப்பது. புளொகரில் மூன்று நிலைகள் உண்டு. எல்லோரும் வாசிக்கலாம், எழுதுபவர் மட்டும் பார்க்கலாம், அல்லது நாம் மின்னஞ்சல் முகவரி கொடுத்து அழைக்கும் சிலர் மட்டும் வாசிக்கலாம். நான் முதல் மூன்று மாதமும் மூன்றாவது நிலையில் வைத்து, வாப்பா, ராத்தா, என் வகுப்பாசிரியை ஆகிய மூவரை மட்டும் அழைத்தேன். அவர்கள் வாசித்துத் திருப்திப்பட்ட பிறகுதான் எல்லோருக்கும் திறந்தோம். தேடுபொறிகளில் வலைப்பூ தென்பட வேண்டுமா இல்லையா என்பதற்கும் தனியான தெரிவு உண்டு. வலைப்பூவைத் திறந்தும் யாரும் வரவில்லை என்று கவலைப்படும் சகோதரிகள் அந்தத் தெரிவை ஒருமுறை பார்க்கலாம்.

இரண்டாவது, யார் எழுதுவது. பின்னூட்டங்கள் நாம் பார்த்து அனுமதித்த பின்னரே வெளிவரும்படி வைக்கலாம். விரும்பினால் பின்னூட்டத்தையே முழுதாக மூடலாம். நான் அனுமதிக்குப் பின் வெளிவரும்படி வைத்தேன். அதனால் ஒரு பாடமும் கற்றேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, வீடு வாசல். பதிவுகளின் கீழ் தெரியும் பெயரைப் புனைபெயராக மாற்றிக்கொண்டேன். பதிவில் இடத்தைக் குறிக்கும் வசதியைத் தொடவேயில்லை. நமக்குத் தெரியாத இன்னொரு விடயமும் இருந்தது. கைத்தொலைபேசியில் இடங்காட்டி இயங்கும்போது எடுக்கும் படத்துக்குள், அது எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பும் சேர்ந்து பதியலாம். ஆகவே கமராவின் அமைப்பில் இடப்பதிவை நிறுத்திவிட்டுத்தான் பாய்களைப் படம் எடுத்தேன். முகங்களைப் படம் எடுப்பதில்லை என்று நாங்களே ஒரு விதி வைத்துக்கொண்டோம். மூத்தம்மாவின் கையும் பாயும் மட்டும்தான் படத்தில் இருக்கும்.

மூத்தம்மாவிடமும் அனுமதி கேட்டேன். 18 கவிகளுக்குச் சம்மதித்தார். ஒன்றுக்கு மட்டும், "அத வெளியில போடாத. அது ஒரு ஆள நையாண்டி பண்ணிக் கட்டின கவி. அவர்ட பேரப்புள்ளையள் இரிக்கிறாங்க" என்றார். அந்தக் கவி இன்றுவரை என் கொப்பியில் மட்டுமே இருக்கிறது. சேர்ப்பவருக்கு எல்லாவற்றையும் வெளியிடும் உரிமை இல்லை என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் எழுத்தறியாத மூத்தம்மாதான்.

ஐந்து ஆங்கிலக் குறிகளால் ஆன உம்மா

எங்கள் ஊர்ப் பெண்களின் பாய் இழைப்புப் பற்றி ஓர் ஆசிரியை பல வருடங்களுக்கு முன் எழுதிய கட்டுரையைக் கணினிக் கோப்பாகத் தந்தார். அவருடைய அனுமதியுடன் அதை வலைப்பூவில் ஒட்டினேன். திரையில் தமிழ் வரவில்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து சிதறிக் கிடந்தன. கோப்புப் பழுதாகிவிட்டது என்று பயந்துபோனேன்.

கோப்பில் ஒரு பழுதும் இல்லை. அது பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டது. நம் நாட்டில் அச்சகங்களிலும் பாடசாலைகளிலும் நெடுங்காலமாகப் பாமினி பயன்படுகிறது. அதில் ‘உம்மா’ என்று தட்டினால் கணினிக்குள் பதிவது உம்மா அல்ல. சி, கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தாம் பதிகின்றன. பாமினி என்ற சட்டையைப் போட்டால் அவை தமிழாகத் தெரியும். சட்டையைக் கழற்றினால் வெறும் குறிகள். அந்தச் சட்டை இல்லாத கணினியில் வாசிக்க முடியாது, தேடுபொறியாலும் கண்டெடுக்க முடியாது.

ஒருங்குறி எனப்படும் யூனிக்கோட் முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே எண். எந்த நாட்டில், எந்தத் தொலைபேசியில் திறந்தாலும் உம்மா உம்மாவாகவே இருப்பார். ஆகவே பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றியில் இட்டு ஒருங்குறியாக மாற்றிய பின்னரே வலைப்பூவில் ஏற்ற வேண்டும். மாற்றிய பிறகு ஒருமுறை உரத்து வாசித்துப் பாருங்கள். கண் தவறவிடும் பிழையை நாக்குப் பிடித்துவிடும்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு முகவரி

புளொகரில் தமிழில் தலைப்பிட்டு வெளியிட்டால் அந்தப் பதிவின் முகவரி எப்படி அமைகிறது என்று எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? நான் ஒரு வருடம் பார்க்கவில்லை. ஆங்கிலத் தலைப்பாக இருந்தால் தலைப்பில் உள்ள சொற்களைக் கொண்டே முகவரி தானாக அமையும். தமிழ்த் தலைப்பு என்றால், வருடமும் மாதமும் வந்து, அதன் பின் ‘புளொக் போஸ்ட்’ என்ற பொதுப்பெயர் ஆங்கிலத்தில் விழும். அந்த மாதத்தின் அடுத்த பதிவுக்கு அதே பெயரோடு ஓர் எண் ஒட்டிக்கொள்ளும். ஒரு தெருவில் எல்லா வீட்டுக்கும் ‘வீடு’ என்று பெயர்ப்பலகை மாட்டியதைப் போல என் 46 பதிவுகளும் நின்றன. இணைப்பை யாருக்காவது அனுப்பினால் அது எந்தக் கவி என்று எனக்கே தெரியாது.

பதிவை வெளியிடும் முன், பக்கவாட்டில் உள்ள பதிவு அமைப்பில் நிரந்தர இணைப்பு என்ற பகுதியைத் திறந்தால் நாமே முகவரி எழுதலாம். அங்கே ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு ஆகியவை போதும். ‘பாய் கவி 1’ என்பதை ஆங்கில எழுத்துகளில், சொற்களுக்கிடையே சிறு கோடிட்டு எழுதினால் அந்தப் பதிவு தனக்கென்று ஒரு பெயரைப் பெறும்.

இதை முதல் நாளிலேயே செய்ய வேண்டும். வெளியிட்ட பிறகு முகவரியை மாற்றுவதென்றால் பதிவை மீண்டும் வரைவு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மாற்றியதும், முன்பு நாம் அனுப்பிய பழைய இணைப்பு செத்துப்போகும். பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் வசதி அமைப்புப் பகுதியில் உண்டு. நான் 18 கவிகளுக்கும் ஒவ்வொன்றாக அதைச் செய்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் முழுவதும் அதற்கே போனது.

குவியலும் அலுமாரியும்

எங்கள் தகவல் தொழில்நுட்ப ஆசிரியை என் வலைப்பூவை முதன்முதலாகப் பார்த்தபோது பாராட்டவில்லை. "நிறையச் சேர்த்திருக்கிறீங்க. உறங்க வைக்கிற கவி மட்டும் எனக்கு வேணும். எடுத்துத் தாங்க பார்ப்பம்" என்றார். நான் கீழே உருட்டினேன், உருட்டினேன், உருட்டிக்கொண்டே இருந்தேன். ஆசிரியை சிரித்துவிட்டார்.

வலைப்பூவின் இயல்பே அதுதான். புதியது மேலே வரும், பழையது கீழே போகும். தினசரிச் செய்திக்கு அது பொருந்தும். கவிக்கும் கதைக்கும் பொருந்தாது. எப்போதோ போட்ட கவி இன்றைய கவியை விடக் குறைந்ததல்ல. இதற்குப் புளொகரிலேயே இரண்டு கருவிகள் இருக்கின்றன.

முதலாவது லேபிள். ஒவ்வொரு பதிவுக்கும் அது எந்த வகை என்று ஒரு சிட்டை ஒட்டலாம். அந்தச் சிட்டையை அழுத்தினால் அந்த வகைப் பதிவுகள் மட்டும் வரும். நான் செய்த தவறு, நினைத்த நேரம் நினைத்தபடி சிட்டை எழுதியது. ‘தாலாட்டு’, ‘தாலாட்டுகள்’, ‘தாலாட்டுக் கவி’ என்று ஒரே பொருளுக்கு மூன்று சிட்டைகள் இருந்தன. கணினிக்கு அவை மூன்று வேறு வகைகள். ஆகவே எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் ஐந்தாறு சிட்டைகளைத் தீர்மானித்து, எழுத்துக்கூட்டலையும் உறுதி செய்துகொள்ளுங்கள். என்னிடம் இப்போது தொழிற்கவி, தாலாட்டு, நொடி, சமையல், ஊர்ச்சொல் என்ற ஐந்து மட்டுமே உண்டு.

இரண்டாவது நிலையான பக்கம். இது பதிவுகளைப் போலக் கீழே இறங்கிப் போகாது. அதில் நான் ஒரு பொருளடக்கம் அமைத்தேன். கவியின் முதற்சொற்களை அகர வரிசையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அதன் பதிவை இணைத்தேன். ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் நாம் முதலில் தேடுவது பொருளடக்கத்தைத்தானே? அதே வசதியை வலைப்பூவின் வாசகருக்கும் கொடுக்க வேண்டும். ஒரு பதிவுக்குள் இன்னொரு பதிவைப் பற்றிச் சொல்லும்போதும் அங்கேயே இணைத்துவிடுங்கள். வாசிப்பவர் ஒரு கவியிலிருந்து இன்னொரு கவிக்குத் தானாகவே நடந்து போவார்.

தேடுபவரின் சொல்லில் எழுதுதல்

என் முதல் பதிவின் தலைப்பு ‘நெஞ்சில் நிறைந்தவை’. எனக்கு அது அழகாகத் தெரிந்தது. ஆனால் பாய் இழைக்கும் பெண்களின் கவியைத் தேடும் ஒருவர் ‘நெஞ்சில் நிறைந்தவை’ என்று தட்டுவாரா? தட்ட மாட்டார். தலைப்பை ‘பன்பாய் இழைக்கும்போது பாடும் கவி’ என்று மாற்றினேன். அழகு கொஞ்சம் குறைந்தது, வாசகர் கூடினார்கள்.

நம் ஊர்ச் சொற்களுக்குப் பல எழுத்துக்கூட்டல்கள் உண்டு. வட்டிலப்பம் என்று ஒருவர் எழுதுவார், வட்டலப்பம் என்று இன்னொருவர் எழுதுவார். தலைப்பில் ஒன்றை வைத்துக்கொண்டு, கட்டுரைக்குள் ஓரிடத்தில் "சில ஊர்களில் வட்டலப்பம் என்றும் சொல்வார்கள்" என்று சேர்த்தால் இருவரும் நம்மைக் கண்டெடுப்பார்கள். மூத்தம்மா என்ற சொல்லுக்கும் அப்படித்தான். வேறு ஊர்களில் உம்மம்மா என்பார்கள். அதையும் ஓர் இடத்தில் குறிக்கலாம்.

அமைப்புப் பகுதியில் தேடல் விவரணம் என்ற தெரிவை ஒருமுறை இயக்கிவிட்டால், அதன் பின் ஒவ்வொரு பதிவிலும் அதற்கென ஒரு பெட்டி வரும். அதில் பதிவு எதைப் பற்றியது என்று இரண்டு வரி எழுதலாம். படங்களுக்கும் மாற்றுச் சொல் எழுதும் இடம் உண்டு. பார்வை குறைந்தவர்களின் தொலைபேசி அந்தச் சொல்லைத்தான் வாசித்துக் காட்டும். ‘படம் 3’ என்று எழுதுவதை விட, ‘சாயம் ஊட்டிய பன்னைக் குறுக்கே கோக்கும் கை’ என்று எழுதினால் படத்தைப் பார்க்க முடியாதவரும் பாயைப் பார்ப்பார்.

கவியின் ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். புளொகரில் படமும் காணொளியும் ஏற்றலாம். ஒலிக்கோப்பை நேரடியாக ஏற்ற இடமில்லை. ஆகவே ஒலியைக் கூகுள் டிரைவில் வைத்துப் பதிவில் இணைக்கிறேன். ஆனால் ஒலி இருக்கிறதே என்று எழுத்தை விட்டுவிடக் கூடாது. கவியை முழுதாகத் தட்டுங்கள். அதன் கீழே நான்கு குறிப்புகள் எழுதுங்கள்: யார் பாடியது, எப்போது பதிந்தது, எந்த வேலையின்போது பாடுவது, விளங்காத சொற்களின் பொருள் என்ன. இந்தக் குறிப்பு இல்லாத கவி பெயர் எழுதாத பழைய புகைப்படத்தைப் போன்றது. இன்று நமக்கு ஆளைத் தெரியும். நாளை யாருக்கும் தெரியாது.

ஐந்து வாரம் காத்திருந்த பின்னூட்டம்

மூத்தம்மாவுக்குப் பாதி மட்டும் நினைவிருந்த கவி ஒன்று அந்தப் 18இல் இருந்தது. பாதியாக இருக்கிறதே என்று விடாமல் அதையும் போட்டு, "இதற்கு மேல் எங்கள் மூத்தம்மாவுக்கு நினைவில்லை. தெரிந்தவர்கள் அறியத்தாருங்கள்" என்று கீழே எழுதினேன்.

பிறகு தவணைப் பரீட்சை வந்தது. நான் வலைப்பூவின் பக்கமே போகவில்லை. பின்னூட்டம் வந்தால் மின்னஞ்சலில் அறிவிக்கும்படி அமைக்கலாம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. பரீட்சை முடிந்து திறந்தபோது, அனுமதிக்காகக் காத்திருந்த பின்னூட்டங்களில் விளம்பரக் குப்பைகளுக்கு நடுவே ஒன்று தமிழில் இருந்தது. வேறு ஊர்ச் சகோதரி ஒருவர், தன் உம்மா பாடக் கேட்டதாகச் சொல்லி மீதி வரிகளை எழுதியிருந்தார். அது வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அந்தக் குப்பைகளோடு சேர்த்து ஒரே அழுத்தில் அதையும் நான் அழித்திருந்தால்? நினைத்தாலே பயமாக இருக்கிறது.

மூத்தம்மாவிடம் ஓடிப்போய் வாசித்துக் காட்டினேன். இழைத்துக்கொண்டிருந்த பாயை ஒதுக்கி வைத்தார். ஒரு சொல்லில் என்னை நிறுத்தி, "அப்பிடியில்ல" என்று திருத்தினார். பிறகு அவரே முழுவதையும் பாடினார். பாடி முடித்த கையோடு, நான் கேட்காமலே இன்னொரு கவியையும் தொடங்கினார். அது தொலைபேசியோடு போன 12இல் ஒன்று.

அன்றைக்கே மின்னஞ்சல் அறிவிப்பை இயக்கினேன். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிடம் பின்னூட்டங்களைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பரீட்சைக் காலத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. பதிவின் வெளியீட்டுத் திகதியை முன்கூட்டியே குறித்து வைக்கலாம். விடுமுறையில் நான்கு பதிவுகளை எழுதித் திகதியிட்டு வைத்தால், நாம் பாடம் படித்துக்கொண்டிருக்கும்போது வாரம் ஒன்றாக அவை தாமாகவே வெளிவரும்.

பெட்டியைக் கட்டி வைத்தல்

இனி நான் முன்பு சொன்ன ஆயத்தத்துக்கு வருகிறேன். புளொகரின் அமைப்புப் பகுதியில் உள்ளடக்கத்தைப் பிரதி எடுக்கும் வசதி உண்டு. அதை அழுத்தினால் பதிவுகள், பக்கங்கள், பின்னூட்டங்கள் எல்லாம் நம் கணினிக்கு இறங்கும். அந்தக் கோப்பைக் கொண்டு வேறொரு வலைப்பூவில் மீண்டும் ஏற்றலாம். ஆனால் படங்களையும் ஒலிகளையும் அந்தக் கோப்பை மட்டும் நம்பி விடாதீர்கள். அசல் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் தனி அடைவில் வைத்திருங்கள். நான் மாதத்தின் முதல் சனிக்கிழமை பிரதி எடுத்து, ஒன்றை வீட்டுக் கணினியிலும் ஒன்றை ராத்தாவின் பென் டிரைவிலும் வைக்கிறேன். ராத்தா வேறு ஊரில் வசிக்கிறார். ஒரே கிணற்றடியில் இரண்டும் விழாதிருக்கவே அந்த ஏற்பாடு.

கணக்கையும் காக்க வேண்டும். கடவுச்சொல்லோடு இரண்டாவது உறுதிப்பாட்டையும் இயக்குங்கள். மீட்பு மின்னஞ்சலாக வாப்பாவினதோ உம்மாவினதோ முகவரியைக் கொடுங்கள். நான் ராத்தாவையும் வலைப்பூவின் நிருவாகியாகச் சேர்த்திருக்கிறேன். என் கணக்குக்கு ஏதும் நேர்ந்தாலும் அவரால் திறக்க முடியும்.

இதைப் பெற்றோரும் கவனிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளைத் தாம் நீக்கலாம் என்று கூகுள் 2023 மே மாதத்தில் அறிவித்தது. திருமணம், வேலை, வெளிநாடு என்று நாம் கணக்கை மறந்துபோனால் அதனுடன் உள்ளவையும் போகலாம். இடைக்கிடை உள்நுழைவது ஒரு காப்பு. செயலற்ற கணக்குக்கான ஏற்பாடு என்று இன்னொன்றும் உண்டு. நாம் குறிக்கும் மாதங்கள் வரை கணக்கு அசையாமல் இருந்தால், நாம் பெயர் கொடுத்த நம்பிக்கையானவர்களுக்கு அறிவித்து, நாம் தெரிவு செய்தவற்றை அவர்கள் இறக்கிக்கொள்ள அனுமதிக்கும். பத்துப் பேர் வரை பெயர் கொடுக்கலாம்.

கடைசியாக, வீட்டுக்கு வெளியேயும் ஒரு பிரதி. 1996இல் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகம் உலகின் இணையப் பக்கங்களைச் சேமித்து வருகிறது. அதன் வேபேக் மெஷின் பகுதியில் நம் பதிவின் முகவரியைக் கொடுத்தால் அந்தப் பக்கத்தின் அன்றைய தோற்றத்தைச் சேமிக்கும். நம் நாட்டுத் தமிழ் எழுத்துகளுக்கென்றே நூலகம் என்ற எண்ணிம நூலகம் 2005 முதல் இயங்கி வருகிறது. இந்த மலர் போன்ற பாடசாலை வெளியீடுகள் எவ்வளவு விரைவில் மறைந்துவிடும் என்பது நமக்குத் தெரியும். அவற்றுக்கும் இத்தகைய இடங்களே துணை.

இந்த வாரமே செய்யக்கூடியவை

வலைப்பூ வைத்திருக்கும் சகோதரிகள் இந்த ஏழையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாக முடிக்கலாம்:

1. பெயர், இடம், படங்கள் ஆகியவற்றில் வீட்டு விபரம் இருக்கிறதா என்று பெற்றோரோடு சேர்ந்து பார்த்தல்.
2. பாமினியில் உள்ள பழைய எழுத்துகளை ஒருங்குறியாக்குதல்.
3. அடுத்த பதிவிலிருந்து முகவரியை நாமே எழுதுதல்.
4. ஐந்தாறு லேபிள்களைத் தீர்மானித்தல்.
5. பொருளடக்கப் பக்கம் ஒன்றை அமைத்தல்.
6. பின்னூட்ட அறிவிப்பை மின்னஞ்சலுக்கு வரச்செய்தல்.
7. பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வைத்தல்.

வலைப்பூ இல்லாத சகோதரிகள் முதலில் கணினியைத் தேட வேண்டாம். வீட்டில் மூத்தம்மாவோ அப்பாவோ இருந்தால் இன்று மஃரிபுக்குப் பிறகு ஒரு கொப்பியோடு பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் சொல்வதை எழுதுங்கள். வலைப்பூ அடுத்த மாதமும் இருக்கும்.

என் வலைப்பூவின் பொருளடக்கத்தில் இன்று 19 கவிகள் இருக்கின்றன. கொப்பியில் உள்ளதோடு சேர்த்தால் 20. போன 12இல் 11 இன்னும் வரவில்லை. அவற்றுக்காகப் பொருளடக்கத்தின் அடியில் 11 வெற்று இலக்கங்களை இட்டு வைத்திருக்கிறேன். எந்த ஊரிலாவது யாருடைய மூத்தம்மாவின் நாவிலாவது அவை இருக்கக்கூடும். இன்ஷா அல்லாஹ், ஒரு வெள்ளிக்கிழமை அவற்றில் ஒன்று பின்னூட்டமாக வரலாம்.